பிழைத்த பிள்ளைகளின் சாட்சி

பக்தி இதழ்களிலும் ஜெபத் தொலைக்காட்சிகளிலும் யூடியூபிலும் ஒரு கதை ஓயாமல் சொல்லப்படுகிறது. குழந்தைக்குக் கடுமையான நோய், டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், அம்மா முழங்காலில் நின்றாள், அல்லது சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டாள், அல்லது நாகூர் தர்காவில் ஓதவைத்தாள், குழந்தை பிழைத்தது. தெய்வம் மாறும், கதை மாறாது. யாராவது இதை விமர்சித்தால் படித்தவர்களே பதில் சொல்ல வருகிறார்கள்: “வேண்டிக்கிறதுல யாருக்கு என்ன நஷ்டம்? மருந்தும் கொடுக்கட்டும், சாமியும் கும்பிடட்டும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நஷ்டம் உண்டு. அது யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் இந்தப் பதில் பார்ப்பதில்லை.

வேண்டுதலின் பலத்தை மறுக்க வேண்டியதில்லை. ரத்தப் புற்றுநோய் வார்டில் பெற்றவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லாத மணிநேரங்களே அதிகம். ஜெபிக்க வருகிற சபையாரும் ஊர்க்காரர்களும் சோறு கொண்டுவருகிறார்கள், பிளேட்லெட் கொடுக்கிறார்கள், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கிறார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதற்கு ஈடாக ஓர் ஏற்பாட்டைப் பெரிதாக உருவாக்கிவிடவில்லை.

பிரார்த்தனை பலிக்குமா என்ற பழைய சண்டையும் இங்கே வேண்டாம். அமெரிக்காவில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஹெர்பர்ட் பென்சன் குழு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. முகம் தெரியாதவர்கள் செய்த ஜெபத்தால் பலன் எதுவும் தெரியவில்லை என்றது அது. பெற்ற பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவளிடம் அந்தக் கட்டுரையை நீட்டுவது அறிவியலும் அல்ல, நாகரிகமும் அல்ல.

குறை வேண்டுதலில் இல்லை. வேண்டுதல் பலித்ததென்று மேடையேறிச் சொல்லும் சாட்சியில் இருக்கிறது.

அதில் முதலில் காணாமல் போவது மருந்து. ஒரு காலத்தில் குழந்தைகளுக்குத் தீவிர ரத்தப் புற்று என்றால் சில மாதங்களில் மரணம். அமினாப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததென்று பாஸ்டனின் சிட்னி ஃபார்பர் 1948இல் எழுதினார். அந்த மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வகக் குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், மும்பை டாட்டாவும், டெல்லி எய்ம்ஸும் 1980களில் கையிலெடுத்த எம்.சி.பி. 841 சிகிச்சை முறை, ஐந்தில் ஒரு குழந்தைகூடத் தேறாத நிலையை ஏறக்குறைய இரண்டில் ஒன்று என்று மாற்றியது. சாட்சியில் இவர்கள் எல்லோரும் ‘கைவிரித்த டாக்டர்கள்’.

போகட்டும், நன்றி மறப்பது சின்னக் குறை. பிழைக்காத குழந்தைக்குச் சாட்சியில் இடமே இல்லை என்பதுதான் பெரியது. வேளாங்கண்ணியின் காணிக்கை அருங்காட்சியகத்தில் வேண்டுதல் பலித்தவர்கள் வைத்துவிட்டுப் போன பொருள்கள் வரிசையாக இருக்கின்றன. நேர்ந்துகொண்டும் இறந்துபோன பிள்ளைக்காக அங்கே எதையும் வைக்க முடியாது; காணிக்கையின் இலக்கணமே அப்படி. கப்பல் விபத்தில் தப்பியவர்கள் கோயிலில் மாட்டிய ஓவியங்களை நாத்திகர் டயகோரஸிடம் காட்டினார்களாம். மூழ்கியவர்களின் படம் எங்கே என்று அவர் கேட்டாராம். ரோமானிய எழுத்தாளர் சிசரோ இதை எழுதி 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இது வெறும் கணக்குப் பிழை என்றால் விட்டுவிடலாம். ஆனால் மூழ்கியவர்களுக்கும் வீடு இருக்கிறது. அந்த வீட்டிலும் டிவி ஓடுகிறது. ‘உங்கள் விசுவாசம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது’ என்று ஒரு தாயிடம் சொன்னால், பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்துக் கட்டில் தாயிடம் என்ன சொன்னதாகிறது? துஷ்டிக்கு வருகிறவர்கள் அதை வாய்விட்டே கேட்டுவிடுகிறார்கள்: “குலசாமிக்குப் பொங்கல் வச்சீங்களா?” “நேர்ந்துக்கிட்டதுல எதையாச்சும் மறந்துட்டீங்களா?” “எங்கேயோ விசுவாசம் குறைஞ்சுபோச்சு, சிஸ்டர்.” கேள்வி பெரும்பாலும் தாயிடம்தான் வருகிறது. பழைய காலமும் இதில் யோக்கியமில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, தீட்டுப் படக் கூடாது என்று விதிகள் இருந்தன. பிள்ளை போய்விட்டால் பழி அடுப்படியைத் தேடி வந்தது. ஆனாலும் ‘ஆத்தா எடுத்துக்கிட்டா’ என்று சொல்லி அழுது முடிக்க அங்கே ஒரு வழி இருந்தது. வெற்றிக் கதைகளை மட்டுமே அடுக்கும் இன்றைய மேடை அந்த வழியையும் அடைத்துவிட்டது.

பாரம் குழந்தையின் மேலும் ஏறுகிறது. அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், ரத்தப் புற்று வந்த சிறு பிள்ளைகளோடு வார்டில் இருந்து கவனித்ததை 1978இல் நூலாக்கினார். யாரும் சொல்லாமலே அவர்கள் தங்கள் நிலையை அறிந்திருந்தார்கள். இறந்துபோன பிள்ளைகளின் பெயரை எடுக்கவில்லை, அவர்களுடைய பொருள்களைத் தொடவில்லை. ஆனால் பெற்றோர் முன்னால் ஒன்றும் தெரியாததுபோல் நடித்தார்கள். சாவு என்ற சொல்லே அபசகுனம், அவிசுவாசம் என்று தடுக்கும் வீட்டில் இந்த நடிப்பு கட்டாயமாகிறது. ‘எனக்குச் சரியாகாதாம்மா?’ என்று கேட்கிற பிள்ளைக்கு ‘அப்படியெல்லாம் பேசினா சாமி கோவிச்சுக்கும்’ என்பதுதான் பதில் என்றால், அந்த ஆறுதல் யாருக்கு?

பெற்றவர்கள்மேல் பழி போடத்தான் மதங்கள் கற்றுக்கொடுத்தன என்பதும் சரியல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமில்லை என்றார் இயேசு. நபிகள் நாயகத்தின் குழந்தை இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம். மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். மகனுக்காகக் கண்ணீர் விட்ட நாயகம், யாருடைய சாவுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்தார். பெரியபுராணத்தில் பூம்பாவை உயிர்பெற்று வருகிறாள் என்றால், அது சம்பந்தரின் பெருமையைச் சொல்ல வந்த கதை. அவளைப் பெற்றவரின் பக்திக்கு மதிப்பெண் போட வந்ததல்ல.

சாட்சியால் வரும் நஷ்டம் இன்னொன்றும் உண்டு. தீவிர ரத்தப் புற்றில் முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையில் புற்றணுக்கள் நுண்ணோக்கிக்குத் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். காய்ச்சல் விடும், முகம் தெளியும். சாட்சி சொல்ல அதைவிடத் தோதான வேளை இல்லை. சிகிச்சையோ 2 ஆண்டுகளுக்கு மேல் நீளும். பாதியில் நிறுத்துகிறவர்களில் பலர் பணமும் தூரமும் தாங்காமல் நிறுத்துகிறவர்கள். சரியாகிவிட்டது என்று நம்பி நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நன்றி சொல்லி, பொங்கலும் வைத்தான பிறகு மறுபடி ஊசிக்குப் போவது தெய்வத்தைச் சந்தேகிப்பதாகாதா என்று தயங்குகிற வீட்டுக்காக, சாட்சி நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சேர்த்தால் அற்புதம் கொஞ்சம் மங்கிவிடும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு தடை இருப்பதாகத் தெரியவில்லை.