அஞ்சு ரூபா டாக்டர் என்ற கதை

ஒரு டாக்டர் இறந்துபோகிறார். மறுநாள் செய்தியில் அவர் பெயருக்கு முன்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்கிறது. ரெண்டு ரூபா டாக்டர், அஞ்சு ரூபா டாக்டர், இருபது ரூபா டாக்டர். கொஞ்ச நாளாக இந்த அஞ்சலிகளைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குறிப்பில் அந்த டாக்டர்களைக் குறை சொல்லப் போவதில்லை. அவர்களைப் பற்றி நாம் சொல்லும் கதைதான் என் பிரச்சினை.

முதலில் மனிதர்கள். கோவை சித்தாபுதூர் பக்கம் இருபது ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பாலசுப்பிரமணியம் 2016 நவம்பரில் காலமானார். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையின் டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில். ரெண்டு ரூபாயில் ஆரம்பித்து அஞ்சு ரூபாய் வரைக்கும்தான் வந்தார். வியாசர்பாடியின் டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் 2020 ஆகஸ்டில். இவர்களில் ஜெயச்சந்திரன் மேல் எனக்கு ஒரு ஊர்ப்பாசம் உண்டு. அவர் பிறந்த கொடைப்பட்டினம், அவர் இறந்த சமயத்தில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமம்.

அஞ்சலிகளுக்கு வருவோம். நான் வாசித்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஏழைக் குடும்பம், கஷ்டப்பட்டுப் படிப்பு, குறைந்த ஃபீஸ், இறுதி ஊர்வலத்தில் கூட்டம், தலைவர்களின் இரங்கல். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாற்பது ஐம்பது வருஷம் வைத்தியம் பார்த்த மனிதரைப் பற்றிய கட்டுரையில் ஒரு நோய்கூட வருவதில்லை. என்ன காய்ச்சலை எப்படிக் கண்டுபிடித்தார், யாரைத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், எந்த ஊசியைக் கேட்டும் போட மறுத்தார் என்று ஒரு வரி கிடையாது. ஒரு சமையல்காரரைப் பற்றி எழுதும்போது சாப்பாடு மலிவு என்று மட்டும் எழுதிவிட்டு, என்ன சமைத்தார் என்பதையே விட்டுவிடுவது மாதிரி இது. ஃபீஸ் குறைவு என்பது அவர் குணத்தைச் சொல்கிறது, அவர் தொழிலைச் சொல்லவில்லை.

டாக்டரைப் பற்றி வேறு மாதிரி எழுத முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. ஜான் பெர்ஜர் எழுதி ழான் மோர் படம் எடுத்த ‘எ ஃபார்ச்சுனேட் மேன்’ 1967-ல் வந்தது. இங்கிலாந்தின் காட்டோரக் கிராமங்களில் வேலை பார்த்த ஒரு டாக்டரின் கதை. மரம் விழுந்து நசுங்கிக் கிடக்கும் ஒரு தொழிலாளியிடம் அவர் ஓடுவதில்தான் புத்தகமே தொடங்குகிறது. நோயாளி எப்படிப் பேசினார், டாக்டர் எப்படிக் கேட்டார் என்று ஒவ்வொன்றாக வரும். ஆனால் அதிலும் இரண்டு ஓட்டைகள். ஒன்று, டாக்டரின் மனைவி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இன்னொன்று, அந்த டாக்டருக்குச் சம்பளம் கொடுத்து, நோயாளி காசு கொடுக்காமல் பார்க்க வைத்த அரசுச் சுகாதாரத் திட்டம். 1948-ல் தொடங்கிய அது, புத்தகத்தில் பின்னணியில் எங்கோ மங்கலாக நிற்கிறது. தனி மனிதரின் ஒளி அதிகமானால் சுற்றியிருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. அந்த டாக்டர் 1982-ல் தற்கொலை செய்துகொண்டார். மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு புத்தகத்தை வாசித்தால், அதில் மனைவி இல்லாதது இன்னும் உறுத்துகிறது.

எங்கள் பிள்ளையார்பாளையம் பக்கம் நான் சின்ன வயதில் பார்த்த ஒரு டாக்டர் உண்டு. பெயர் வேண்டாம். கம்பவுண்டர் கலக்கித் தரும் மிக்சர் பாட்டிலில், வேளைக்கு எவ்வளவு என்று காட்ட வெட்டிய காகிதத்தை ஒட்டியிருப்பார்கள். காசு இல்லாதவங்க கணக்கு ஒரு நோட்டில் ஏறும். இதெல்லாம் அஞ்சலியில் வரக்கூடிய விஷயம். வராத விஷயம் ஒன்று சொல்கிறேன். இடுப்பு வலி என்று நெசவாளி வந்தால், மாத்திரை எழுதுமுன் தறியைப் பற்றிக் கேட்பார். குழி எவ்வளவு ஆழம், உட்காரும் பலகை எவ்வளவு உயரம், எந்தக் கால் மிதிக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது. குழித்தறியில் நாள் முழுக்க உட்காரும் உடம்புக்கு இடுப்பும் முட்டியும்தான் முதலில் போகும். ஜரிகை வேலையில் கண். அவர் பலகை உயரத்தை மாற்றச் சொல்லி அனுப்பிய ஆட்கள் நிறைய. நெசவூரில் டாக்டராக இருப்பது என்றால் இதுதான். அவர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

இப்போது காசுக்கு வருவோம். அஞ்சு ரூபாயில் ஒரு டாக்டர் எப்படி வாழ முடிகிறது? அஞ்சலிகள் இதற்கு ‘நல்ல மனசு’ என்று பதில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. திருவேங்கடமே இதைவிட நல்ல பதில் சொல்லியிருக்கிறார். காமராஜர் காலக் கல்விக் கொள்கையால் தான் செலவில்லாமல் படித்ததாகவும், அதனால்தான் நோயாளிகளிடம் காசு பார்ப்பதில்லை என்றும் பேட்டிகளில் சொன்னார். அவர் படித்தது ஸ்டான்லி. ஜெயச்சந்திரன் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரி. இரண்டும் அரசுக் கல்லூரிகள். பாலசுப்பிரமணியம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதாவது இந்த அஞ்சு ரூபாய்க்குப் பின்னால் பொதுப்பணம் இருக்கிறது. ஊரார் வரியில் படித்தவர், அந்தக் கடனை ஊராருக்கே திருப்பிக் கொடுத்தார். இது தியாகத்தைவிடச் சின்ன விஷயம் இல்லை. சொல்லப்போனால் இன்னும் பெரிசு, ஏன்னா இதைத் திரும்பச் செய்ய முடியும். மகான்களை உற்பத்தி பண்ண முடியாது. அரசு மருத்துவக் கல்லூரியைக் கட்ட முடியும்.

சினிமா இந்தக் கதையை எடுத்தபோது என்ன ஆச்சு? 2017 தீபாவளிக்கு வந்த ‘மெர்சல்’ படத்தில் விஜய் அஞ்சு ரூபா டாக்டர். படத்தின் முடிவுப் பகுதியில் ஒரு நீண்ட வசனம். 7 சதவீத ஜிஎஸ்டி வாங்கும் சிங்கப்பூர் இலவச மருத்துவம் தருகிறது, 28 சதவீதம் வரை வாங்கும் நாம் ஏன் தரவில்லை என்று. அதைச் சுற்றி வந்த அரசியல் சண்டையில் எல்லாரும் ஜிஎஸ்டியைப் பிடித்துக்கொண்டார்கள். மருத்துவத்தைப் பற்றிச் சொன்னது சரியா என்பது பின்னுக்குப் போனது. சிங்கப்பூரில் மருத்துவம் இலவசம் இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மெடிசேவ் கணக்கு 1984-லிருந்து இருக்கிறது. நோயாளியும் தன் பங்கைக் கொடுக்கத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், படம் ஓடிய அதே தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள். 1994-ல் அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரி கழகங்களை அமைத்தன. குறைகள் நிறைய உண்டு, வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இருப்பதை இல்லாததாகக் காட்டி, அந்த வெற்றிடத்தில் ஒரு கதாநாயகனை நிறுத்துவது நேர்மை இல்லை.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகையில் யூஜின் ஸ்மித் ‘கன்ட்ரி டாக்டர்’ என்ற படக்கட்டுரை வெளியிட்டார். கொலராடோவின் ஒரு சின்ன ஊரில் டாக்டர் எர்னஸ்ட் செரியானி ஒற்றை ஆளாக ஓடியாடுவதை 23 நாள் கூடவே இருந்து எடுத்தது. அபாரமான படங்கள். ஆனால் அந்த வருஷங்களில்தான் ட்ரூமன் முன்வைத்த தேசிய மருத்துவக் காப்பீடு பற்றி அங்கே பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. களைத்துப்போன ஒரு நல்ல டாக்டரின் முகத்தைப் பார்க்கும்போது, ஒரே ஆள் ஏன் இவ்வளவு ஓட வேண்டியிருக்கு என்ற கேள்வி வருவதில்லை. மரியாதைதான் வருகிறது. மரியாதை கேள்வியை அடக்கிவிடுகிறது.

காஞ்சிபுரத்துக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். கைத்தறியில் சேலை முடிச்சாத்தான் கூலி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் உழைப்பும் ஒரே தறியில். ஒருத்தர் படுத்தால் தறி நிற்கும். வீட்டுத்தறி நெசவாளிக்கு இ.எஸ்.ஐ. இல்லை, அது ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனங்களுக்கானது. ஆக அவருக்கு நோயின் செலவு டாக்டர் ஃபீஸ் இல்லை. நின்றுபோன தறி, பிறகு மருந்து, பிறகு டெஸ்ட். வெளிநோயாளிச் செலவில் பெரிய பங்கு மருந்துக்குப் போகிறது என்று தேசிய மாதிரி ஆய்வுகளும் சொல்கின்றன. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதம். 2021-22-ல் 39.4 சதவீதம் என்று தேசியச் சுகாதாரக் கணக்கு காட்டுகிறது. குறைந்த பிறகும் பாரம் பாரம்தான். அஞ்சு ரூபா ஃபீஸ் இந்தப் பாரத்தில் ஒரு ஓரத்தைத்தான் தூக்குகிறது. அதை முழுத் தீர்வாகக் காட்டும் கதை, மிச்சத்தை மறைக்கிறது.

கடைசியாக ஒன்று. நான் சொன்ன மூன்று பேரும் நகரத்து டாக்டர்கள். கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து நூறு பேரைப் பார்க்கும் டாக்டர் எவ்வளவு வாங்குகிறார்? ஒன்றும் இல்லை. அவரை யாராவது ‘சைபர் ரூபா டாக்டர்’ என்று கூப்பிட்டு நீங்கள் கேட்டதுண்டா? அவர் சம்பளக்காரர், கடமையைச் செய்கிறார், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம். கருணையாகத் தந்தால் கும்பிடுகிறோம், உரிமையாகத் தந்தால் வரிசை நீளம் என்று முணுமுணுக்கிறோம். ஒரு சமூகம் எதைக் கதையாகச் சொல்கிறதோ அதைத்தான் கேட்டு வாங்கும். டாக்டரின் கருணையை மட்டுமே கதையாகச் சொன்னால், அடுத்த தேர்தலில் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிக் கேட்க நமக்கு வாய் வராது.

அதனால், உங்கள் ஊரில் அப்படி ஒரு டாக்டர் இருந்தால் அவர் இருக்கும்போதே எழுதுங்கள். ஃபீஸை ஒரு வரியில் முடித்துவிட்டு மற்றதைக் கேளுங்கள். எங்கே படித்தார், யார் காசில் படித்தார், வீட்டை யார் நடத்தினார், அந்த ஊர் உடம்புகளைப் பற்றி அவர் மட்டும் தெரிந்துவைத்திருப்பது என்ன? கம்பவுண்டரிடமும் கேளுங்கள். அவருக்கு இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.