முதல் பேஸ் பக்கம் ஒரு காலடி

விம்கோ நகரில் மாலை நேர டென்னிஸ் பந்து கிரிக்கெட்டை நின்று பார்த்தவர்களுக்கு ரன்னர் எண்டில் நடக்கும் சின்னத் திருட்டு தெரியும். பந்து கையைவிட்டுக் கிளம்பும் முன்பே ரன்னர் இரண்டடி நகர்ந்திருப்பான். பவுலர் நின்று ஸ்டம்பைத் தட்டிவிட்டால் போதும், ஆட்டம் நின்று வாக்குவாதம் தொடங்கும்.

அது பழைய வழக்கு. 1947 டிசம்பரில், சிட்னி டெஸ்டில், வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படித்தான் ரன் அவுட் செய்தார். விமர்சனம் எழுந்தாலும் எதிரணித் தலைவர் பிராட்மனே பின்னாளில் மன்கட் செய்தது சரி என்று எழுதினார். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நம் சென்னைக்காரர் அஸ்வின், 69 ரன்னில் இருந்த ஜோஸ் பட்லரை அதே முறையில் வெளியேற்றினார். உலகமே இரண்டு கட்சியானது. 2022 அக்டோபரில்தான் இந்த அவுட், நியாயமற்ற ஆட்டம் பற்றிய விதியிலிருந்து எடுக்கப்பட்டு, சாதாரண ரன் அவுட் விதிக்குள் வந்தது.

பேஸ்பாலில் இந்தச் சங்கடமே கிடையாது. முதல் பேஸிலிருந்து நகரும் ரன்னரைப் பிடிப்பது அங்கே பந்தெறியும் பிட்சரின் தொழிலில் ஒரு பாகம். அதை அழகாகச் செய்பவருக்குக் கைதட்டல் உண்டு. ஏமாற்றலாம், ஆனால் எதுவரை ஏமாற்றலாம் என்பதைக் கால் அசைவு கால் அசைவாக எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டினால் ‘பால்க்’. அப்போது பேஸ்களில் நிற்கும் ரன்னர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பேஸ் இலவசமாக முன்னேறுவார்கள்.

பிட்சரின் காலடியில் ரப்பர் எனப்படும் வெள்ளைப் பட்டை. அதை மிதித்தபடி முதல் பேஸுக்கு எறிய வேண்டுமானால், எறியும் முன் அந்தப் பேஸை நோக்கி நேராக ஓர் அடி வைக்க வேண்டும். அடி வைத்துவிட்டால் எறிந்தே தீர வேண்டும். பாவ்லா காட்டிப் பந்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாம் பேஸுக்கு அந்தப் பாவ்லா இன்றும் செல்லும்; மூன்றாம் பேஸுக்கு 2013 முதல் செல்லாது. ரப்பரிலிருந்து பின்பக்கமாகக் காலை எடுத்து இறங்கிவிட்டால் மட்டும் அவர் பிட்சர் அல்ல, சாதாரண ஃபீல்டர். பிறகு முதல் பேஸுக்கும் பொய்யாகக் கை ஓங்கலாம்.

இந்தக் கலையின் உச்சம் இடது கைப் பிட்சர்களிடம் இருக்கிறது. அவர்கள் நிற்பதே முதல் பேஸைப் பார்த்தபடி. வலது முழங்கால் மேலே எழுகிறது. ஒரு கணம் காற்றில் நிற்கிறது. அது பேட்ஸ்மேனை நோக்கி இறங்குமா, ரன்னரை நோக்கி இறங்குமா? நியூயார்க் யாங்கீஸின் ஆண்டி பெட்டிட் அந்த ஒரு கணத்தைக் கடைசிவரை ரகசியமாக வைத்திருப்பதில் மன்னர். தூக்கிய கால் முழுதாக ரப்பரின் பின்விளிம்பைத் தாண்டிவிட்டால் முதல் பேஸ் வாய்ப்பு போய்விடும். பாதம் எந்தக் கோணத்தில் இறங்கியது என்பதை நடுவர் கண்ணாலேயே தீர்மானிக்க வேண்டும். அந்த விளிம்போரத்திலேயே பிழைப்பு நடத்தினால் சில நேரம் சறுக்கும்: இதே வித்தையில் பேர்போன ஸ்டீவ் கார்ல்டன்தான் அதிக பால்க் செய்தவரும். மொத்தம் 90. இந்த இரண்டு பெருமையும் ஒருவரிடமே சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

வலது கைக்காரர்களுக்கு முதல் பேஸ் முதுகுப் பக்கம். வேகமாகத் திரும்புவதே அவர்கள் மூலதனம். 2013 அக்டோபர் 27, செயின்ட் லூயிஸில் பேஸ்பால் உலகத் தொடரின் 4ஆவது ஆட்டம். பாஸ்டன் 4-2 என முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். பேட்டுடன் கார்லோஸ் பெல்ட்ரான்; ஒரு ஹோம் ரன் அடித்தால் சமன். அரங்கமே அவரைப் பார்த்தது. பாஸ்டன் பிட்சர், ஜப்பானியர் கோஜி உயெஹாரா சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு எறிந்தார். ரன்னர் கோல்டன் வோங் சறுக்கினார், தொடப்பட்டார், ஆட்டம் முடிந்தது. உலகத் தொடர் ஆட்டம் ஒன்று இப்படி முடிந்தது அதுவே முதல் முறை.

2023இல் இந்த விளையாட்டுக்குள் புதிய பதற்றம் புகுந்தது. ஒரு பேட்ஸ்மேனுக்கு இரண்டு முறைதான் பிட்சர் பேஸுக்கு எறியவோ ரப்பரிலிருந்து இறங்கவோ அனுமதி. மூன்றாவது முயற்சியில் ரன்னர் அவுட் ஆகாவிட்டால் அது பால்க். பேஸ்களும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆகப் பெருத்தன. முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த, ரன்னர்கள் ஓடித் திருடிய பேஸ்கள் 3,503 ஆயின. இரண்டு வாய்ப்பும் தீர்ந்தபின் ரன்னர் இன்னும் அரை அடி தள்ளி நிற்பார். மூன்றாவது தடவை எறியத் துணியும் பிட்சரைப் பார்க்கக் கிடைத்தால், பேட்ஸ்மேனை விட்டுவிட்டு அவர் காலை மட்டும் பாருங்கள்.