கையில் கட்டிய மிரர், கண்ணோரம் தொங்கும் மிரர்

பாரிஸில் செபஸ்தபோல் பூலவார்டின் சைக்கிள் பாதையில் ஒரு பெண்ணைக் கிட்டத்தட்டக் கீழே தள்ளிவிட்டேன். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கப் போக்குவரத்தும் ஒரே தடத்தில், நடுவில் வெறும் பெயிண்ட் கோடு, மாலை ஆறு மணிக்கு எறும்பு வரிசை மாதிரி சைக்கிள்கள். எனக்கு முன்னால் சரக்கு ஏற்றிய சைக்கிள் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இடது மணிக்கட்டில் கட்டியிருந்த குட்டி மிரரைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் யாரோ தூரத்தில் வருவது போல ஒரு புள்ளி. நேரம் இருக்கு என்று நினைத்து இடது பக்கம் ஒதுங்கினேன்.

அவர் தூரத்திலெல்லாம் இல்லை. என் முழங்கையை உரசிக்கொண்டு, எதிர்வரிசைக்குள் சைக்கிளை வளைத்து, எப்படியோ சமாளித்துப் போனார். எதிரே யாரும் வரவில்லை, தப்பித்தோம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார். இரண்டுக்கும் நான் தகுதியானவன்தான்.

அன்றிலிருந்து இந்த மிரர் விஷயத்தைக் கொஞ்சம் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன். அதன் குறிப்புகள்தான் இவை.

முதலில் வண்டி. நான் ஓட்டுவது எலெக்ட்ரிக் யூனிசைக்கிள். ஒரே ஒரு சக்கரம், அதற்குள்ளேயே மோட்டார், இரண்டு பக்கமும் கால் வைக்க ஒவ்வொரு பலகை. முன்னால் சாய்ந்தால் வேகம், பின்னால் சாய்ந்தால் பிரேக். ஹேண்டில்பார் கிடையாது, சீட் கிடையாது (சில மாடல்களில் உண்டு, என்னுடையதில் இல்லை). மிரரைத் திருகி மாட்ட ஒரு குழாய்கூட இல்லாத வண்டி. பிரான்சில் 2019 அக்டோபரில் வந்த ஆணை இதையும் ட்ராட்டினெட்டையும் ஒரே வகையில் சேர்த்து, 25 கிலோமீட்டர் வேக வரம்பு, விளக்கு, பிரேக், மணி எல்லாம் கேட்கிறது. மிரர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்கே மாட்டுவது?

ஆகவே உடம்பில் மாட்டுகிறோம். சிலர் மணிக்கட்டில், சிலர் ஹெல்மெட்டில், சிலர் மூக்குக் கண்ணாடியின் காம்பில். (தமிழில் இதை எழுதுவது ஒரு வம்பு. முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் போடுவதும் கண்ணாடி. கண்ணாடியில் கண்ணாடி மாட்டினேன் என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அதனால் இந்தப் பதிவு முழுக்க மிரர் மிரர்தான்.)

'தலையைத் திருப்பிப் பார்த்தால் போச்சு, மிரர் எதுக்கு?' என்று சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சைக்கிளில் நீங்க தலையைத் திருப்பும்போது கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்து நேர்கோட்டைக் காப்பாற்றுகின்றன. யூனிசைக்கிளில் அந்த வேலையையும் உடம்புதான் பார்க்கிறது. கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு இடுப்பு, இடுப்போடு பாதம், பாதத்தோடு சக்கரம். புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமே 'போக வேண்டிய இடத்தைப் பார், சக்கரம் தானா வரும்' என்பதுதான். அதே பாடம் பின்னால் பார்க்கும்போது நமக்கு எதிராக வேலை செய்கிறது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் வண்டி இடப்பக்கம் நகரும். யார் வருகிறார்கள் என்று பார்க்கப்போய் அவர்கள் வழியிலேயே போய் நிற்போம். பழகப் பழக இடுப்பைப் பூட்டிவிட்டுக் கழுத்தை மட்டும் திருப்ப வரும். எனக்கு அது வர மாதங்கள் ஆயின. இன்றும் மழையில், கல் பாவிய தெருவில், கை நடுக்கத்தோடுதான் செய்கிறேன்.

உடம்பில் மிரர் வைத்துக்கொள்வது புதுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. காருக்கே அது அப்படித்தான் வந்தது. 1909-ல் டாரதி லெவிட் என்ற ஆங்கிலேயக் கார் பந்தயக்காரி, பெண்கள் கார் ஓட்டும்போது கைக்கண்ணாடி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதினார். அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் பார்க்கலாமாம். இரண்டு வருஷம் கழித்து, 1911-ல், முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் தன் மார்மன் காரில் மிரர் பொருத்தி ஓட்டினார். மற்ற கார்களில் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஹாரூன் தனியாளாக ஓட்டினார், ஜெயித்தும்விட்டார். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். செங்கல் பாவிய அந்தத் தடத்தில் மிரர் ஆடிய ஆட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஏன் தெரியவில்லை என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். மிரர் ஒரு டிகிரி திரும்பினால் அதில் பட்டு வரும் ஒளி இரண்டு டிகிரி திரும்பும். ஆட்டம் இரட்டிப்பாகிறது. மணிக்கட்டு மிரருக்கும் இதே கதி. யூனிசைக்கிளில் கைகள் சும்மா தொங்குவதில்லை, சமநிலைக்காக ஆடிக்கொண்டே இருக்கின்றன. கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மிரரைக் குறி பார்க்க வேண்டும். குறி 10 டிகிரி பிசகினால் பார்வை 20 டிகிரி பிசகி, தேடும் ஆள் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார். அதற்குள் ஒரு விநாடி போயிருக்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது 7 மீட்டர். ஒரே சக்கரம் உள்ள வண்டியில் ஒரு குழிக்கு 7 மீட்டர் தாராளம்.

இதுகூடப் பெரிய குற்றம் இல்லை, பழகினால் சரியாகும். என்னை மாட்டிவிட்டது வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 சென்டிமீட்டர் மிரர், கண்ணிலிருந்து 50 சென்டிமீட்டர் தூரம். அது சமதளமாக இருந்தால் பத்து மீட்டர் பின்னால் ஒரே ஒரு மீட்டர் அகலம்தான் தெரியும். சாவித் துவாரம் மாதிரி. அதனால் மணிக்கட்டு மிரரைக் குவி ஆடியாகச் செய்கிறார்கள். வளைவு ஆரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதே பத்து மீட்டரில் 6 மீட்டர் அகலம் தெரியும். 'அகலப் பார்வை' என்று விற்பவர்கள் பெருமையாகப் போடுவது இதைத்தான். அந்த ஆறு மடங்கு சும்மா வருவதில்லை. எல்லாமே ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பத்து மீட்டர் பின்னால் வரும் சைக்கிள்காரர், 60 சென்டிமீட்டர் ஹேண்டில்பார் அகலத்தோடு, அந்த மிரரில் வானத்து முழுநிலாவை விடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரிவார். மூளை அவரை அறுபது மீட்டரில் கொண்டுபோய் வைக்கும். அந்தப் பெண் இருந்தது என் கணக்கில் அறுபது மீட்டரில். அவருடைய கணக்கில் பத்துகூட இருந்திருக்காது.

கார் ஓட்டுபவர்களுக்கும் சைடு மிரரில் இந்தச் சுருக்கம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அந்த வளைவு இவ்வளவு இல்லை. உள்ளே நடுவில் இருக்கும் மிரரையும் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நமக்கு அந்த இரண்டாவது சாட்சி இல்லை.

இன்னொன்று. குவி ஆடியின் பிம்பம் மிரருக்குக் கொஞ்சம் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன கணக்கில் கண்ணிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர். தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் சட்டென்று புத்தகம் படிப்பதைவிடச் சற்றுத் தள்ளிய தூரத்துக்கு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். நாற்பத்தைந்து தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்த இறக்கமே தகராறு. எனக்கு வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

மூக்குக் கண்ணாடிக் காம்பில் மாட்டும் மிரர் பார்க்கக் கேவலமாக இருக்கும். பல் டாக்டர் வாயில் விடும் மிரரைக் காதோரம் சொருகியது போல. ஆபீஸில் ஒருவர் 'அது ஆண்டெனாவா?' என்றார். ஆனால் அதன் கணக்கு வேறு. 4 சென்டிமீட்டர் மிரர், கண்ணிலிருந்து 10 சென்டிமீட்டர். சமதளம்தான், வளைவே இல்லை. பத்து மீட்டர் பின்னால் 4 மீட்டர் அகலம் தெரியும், எதுவும் சுருங்காமல். பிம்பமும் உண்மையான தூரத்திலேயே இருப்பதால் கண் குவியத்தை மாற்ற வேண்டியதில்லை. மிரர் பக்கத்தில் இருக்கிறது, பார்வை தூரத்தில் இருக்கிறது, வெள்ளெழுத்துக்கு அங்கே வேலை இல்லை. கண்ணும் மிரரும் ஒன்றாகத் திரும்புவதால் ஆட்டம் இரட்டிப்பாவதும் இல்லை. தலையைப் பத்து டிகிரி அசைத்தால் பின்காட்சியும் சரியாகப் பத்து டிகிரி நகரும். தோள் அசைவதற்குள் தெரு முழுக்கத் துழாவிவிடலாம். ஹாரூனின் கார் குலுங்கியது போல நாமும் குலுங்கினாலும், முழங்காலும் கழுத்தும் பாதியை வாங்கிக்கொண்டு தலையை ஓரளவு நிதானமாக வைக்கின்றன.

முதல் வாரம் மட்டும் கஷ்டம். இடது கண் பின்னால் பார்க்கும், வலது கண் முன்னால் பார்க்கும், எதை நம்புவதென்று மூளை திணறும். எனக்கு லேசாகத் தலைவலிகூட வந்தது. பிறகு தானாக அடங்கிவிட்டது.

இப்போது இதையும் குறை சொல்ல வேண்டும். எந்த மிரரும் தோளுக்குப் பக்கத்தில் இருப்பவரைக் காட்டாது. அன்று நான் கண்ணோர மிரர் போட்டிருந்து, பார்த்து முடித்து ஒதுங்குவதற்குள் இரண்டு விநாடி தாமதித்திருந்தால், அந்தப் பெண் அதே இடத்தில்தான் இருந்திருப்பார், மிரரில் இல்லாமல். அதனால் மிரரில் யாராவது தெரிந்தால் முந்துவதில்லை. யாரும் தெரியாவிட்டாலும் உடனே முந்துவதில்லை. ஒருதரம் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகுதான். மிரர் எனக்குச் செய்யும் உதவி, அப்படித் திரும்பும் தடவைகளைக் குறைப்பது. பத்துத் தடவை திரும்பிப் பத்துத் தடவை வண்டியை ஆட்டுவதற்குப் பதில், வழி இருக்கிறது என்று ஓரளவு தெரிந்த பிறகு ஒரே தடவை. 'மிரர் வாங்கினேன், இனித் திரும்பவே வேண்டாம்' என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. நானும் இரண்டு மாதம் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்.

விழும்போது என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். யூனிசைக்கிளில் விழுவது பெரும்பாலும் முன்னால், கையூன்றி. மணிக்கட்டு மிரர் உட்காரும் அதே இடத்தில்தான் மணிக்கட்டுக் காப்பும் உட்கார வேண்டும். மிரருக்காகக் காப்பைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைவிட முட்டாள்தனம் கிடையாது. கண்ணோர மிரரில் கம்பி கண்ணுக்கு அருகே இருக்கிறது. எளிதில் கழன்று விழும் பிடிதான் நல்லது, இறுகப் பிடிப்பது அல்ல.

முழுமுக ஹெல்மெட்டோடு இது சேராது. காம்பும் மிரரும் உள்ளே அடங்காது, விசரில் ஒட்டிப் பார்த்தேன், பனியில் மங்கிப்போனது. குளிர்காலத்தில் தாடையைக் காப்பாற்ற முழுமுகம் போடுகிறேன். அந்த மாதங்களில் செபஸ்தபோலில் நான் யாரையும் முந்துவதில்லை. சரக்கு சைக்கிள் போகிற வேகத்துக்கே அதன் பின்னால் போகிறேன்.