குண்டின் குணம்

திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் போகிறவர்களில் பலர் நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கேயே உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கம், 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கல்லாயுதங்களைக் கண்டெடுத்த ஊர். தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே நடத்திய அகழாய்வில், அடியில் கிடந்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று தெரிந்தது. மேலே வர வர, 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்தெடுத்த சிறு சில்லுகளும் கூர்முனைகளும் பெருகுகின்றன. கனத்தை நம்பிய கை, வடிவத்தை நம்பத் தொடங்கிய காலம் அது. வேட்டைத் துப்பாக்கியும் பிற்பாடு இதே வழியில்தான் நடந்தது.

இலங்கையின் நுவரெலியாவில் வேட்டையாடிப் பேர் வாங்கிய சாமுவேல் பேக்கர், பிறகு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன ‘பேபி’ என்ற துப்பாக்கி அரை ராத்தல் குண்டைச் சுடும். கருமருந்துக் காலத்தில் அடியின் பலத்தைக் கூட்டப் பெரிய குண்டுதான் வழி. புகையற்ற மருந்து வந்ததும் நிலைமை மாறியது. 7 மில்லிமீட்டர் (7×57) தோட்டாவில் நீளமான, கெட்டியான குண்டை வைத்து யானை வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். அந்த எண்ணிக்கையை என்னால் ரசிக்க முடியாது. ஆனால் விரல் பருமன்கூட இல்லாத குண்டு, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போனால் போதும் என்பதை அவர் நிரூபித்துவிட்டார்.

ஆப்பிரிக்கத் தோட்டாக்களின் கதையில் நம் நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. கலகக்காரர்கள் கையில் ராணுவத் துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு சிக்கிவிடும் என்று பயந்த ஆங்கிலேய அரசு, 1907இல் .450 அங்குல அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. இந்தியச் சந்தையை விட மனமில்லாத லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று அளவை மாற்றிப் புதிய தோட்டாக்களைக் கொண்டுவந்தன. அவற்றுள் .470, ஆப்பிரிக்காவில் இரட்டைக்குழல் ரைபிள்காரர்களின் செல்லத் தோட்டாவாக இன்றும் இருக்கிறது.

வெயிலும் தன் பங்கைச் செய்தது. கார்டைட் என்ற புகையற்ற மருந்து சூட்டில் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும், சுட்ட தோட்டாவின் கூடு துப்பாக்கியின் அறையிலேயே சிக்கிக்கொள்ளும். புலியோ எருமையோ எதிரே நிற்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் வெப்ப நாட்டுத் தோட்டாக்களுக்கு உள்ளே இடம் தாராளமாக விட்டு, அழுத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் பிடிக்கும். தோட்டாக் கூடு, 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. வில்லையாக வெட்டி, படிப்படியாக இழுத்து, நடுநடுவே சூடாக்கி மென்மையாக்கி (அனீலிங்) நீட்டுவார்கள். மழைக்காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கமும் லாயத்தின் அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை. மிதமான சூடு கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்தியபின் அந்தத் தொல்லை அடங்கியது.

துப்பாக்கி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை ‘போர்’ (குழலின் விட்டம்) என்றுதான். நான் கேட்பது குண்டைப் பற்றி. முழுக்கச் செம்பு போர்த்திய குண்டு மெலிந்த உடலைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். மான் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து வதைபடும். முனையில் ஈயம் தெரிகிற குண்டு, பட்டதும் விரிந்து தன் வேகத்தை உள்ளேயே செலவிடும். கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் தொழிற்சாலையில் 1890களில் ராணுவத்துக்காகச் செய்த அந்த வகையை 1899இல் ஹேக் மாநாடு போரிலிருந்து விலக்கியது. வேட்டையில் நிலைமை நேர்மாறு. அங்கே விரியும் குண்டுதான் இரக்கமுள்ள குண்டு.

ஆனால் விரிவதிலும் அளவு வேண்டும். 40 கிலோ புல்வாய்க்குப் பொருத்தமாக விரிகிற குண்டு, 200 கிலோவுக்கு மேல் நிற்கும் குடு மானின் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகுமுன் சிதறிவிடலாம். 1946இல் ஒரு மூஸ் மானிடம் தன் குண்டு இப்படித் தோற்றதைக் கண்ட அமெரிக்கர் ஜான் நோஸ்லர், நடுவில் செம்புச் சுவர் வைத்து ஈயத்தை இரண்டு அறையாகப் பிரித்தார். முன் அறை பூப்போல விரியும். பின் அறை குலையாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த ‘பார்ட்டிஷன்’ குண்டின் குறுக்குவெட்டுப் படத்தை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒன்றரைப் பவுனுக்கும் குறைந்த எடையில், எதிரெதிரான இரண்டு வேலைகளை ஒரே உலோகத் துண்டிடம் வாங்கியிருக்கிறார். 1980களின் கடைசியில் வந்த பார்ன்ஸ் முழுச்செம்புக் குண்டு இன்னும் ஒரு படி மேலே போனது. பிணந்தின்னிக் கழுகுகளின் வயிற்றுக்குள் ஈயம் போகாது என்ற ஒரு காரணமே அதைப் பாராட்டப் போதும்.

தருமபுரி, ஓசூர்க் காடுகளில் ஆட்கொல்லிகளைத் துரத்திய கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 1909இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் அதே வகைதான். முட்புதர் நெருங்கிய நம் காட்டில், சில கஜ தூரத்தில், அது அருமையான தேர்வு. ஆனால் அதன் மழுங்கிய முனையுள்ள, கனத்த குண்டு 200 கஜத்துக்குள்ளேயே வெகுவாகத் தாழ்ந்துவிடும். திறந்த சமவெளியில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தத் தேர்வுக்கே அநேகமாக வேலை இல்லாமல் போனது. அது சரியான சட்டம். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உரிமத்தோடு வேட்டை இன்றும் நடக்கிறது. அங்கே போகும் ஒருவர் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: இம்பாலாவுக்கும் குடுவுக்கும் 7×57 அல்லது .30-06, உள்ளே சிதறாத விரிகுண்டு. 900 கிலோ வரை வளரும் ஈலாண்டு மானுக்கு .375. தோள் நோகாமல் சுடக்கூடிய துப்பாக்கியையே எடுங்கள், மிச்சப் பணத்தை நல்ல குண்டுக்குச் செலவிடுங்கள்.