குடியும் குடும்பமும்

பெங்களூரு செயின்ட் மார்க்ஸ் சாலையில் இருக்கும் கோஷீஸ், 1940இல் பேக்கரியாகத் தொடங்கி, உணவகமும் மதுக்கூடமுமாக வளர்ந்தது. இன்றுவரை ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அதன் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாத்தா, மகன், பேரன் என்றே எழுதுகிறார்கள்.

அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஓசூரில் இப்படியொரு குடும்ப மதுக்கூடம் தழைக்க வழியே இருக்கவில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. பிறகு தடையும் தளர்வும் மாறிமாறி வந்தன. 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசமானது. கடையை ஒட்டிய பார் டெண்டருக்குப் போனது.

தடைக்குத் தாய்மார்களின் கண்ணீர் காரணமாகச் சொல்லப்பட்டது. விற்பனைக்கு நலத்திட்டங்களின் செலவு. இரண்டிலும் பெண் காரணமாக இருந்தாள், முடிவெடுப்பவளாக இல்லை. நெடுஞ்சாலைக் கடைகள் 2017இல் குடியிருப்புகளுக்குள் நகர்ந்தபோது தமிழகமெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. குடிக்கும் கணவனின் அடியும் கடனும் அவர்கள் வீட்டுக்குள்தான் வந்து சேர்கின்றன.

ஆனால் 'குடி குடியைக் கெடுக்கும்' என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த இரண்டாவது குடி யாருடையது? சாலையோர மதுக்கூடங்களில் 'ஃபேமிலி ரூம்' என்று பலகை தொங்குகிறது. பெண் அதற்குள் மனைவியாக, மகளாக நுழையலாம். தனி ஆளாக நுழைந்தால் எல்லாக் கண்களும் திரும்பும். மதுக்கூடத்தில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த பழைய பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை 2007இல் அனுஜ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இப்போது 'உள்ளூர்ப் பொருள்' என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. ராகியும் சாமையும் தட்டில் புது உருவெடுக்கின்றன. பெங்களூரில் மாம்பழ பீர் கிடைக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக்குக் களையெடுப்பதும், புளி தட்டிக் கொட்டை நீக்குவதும், மாங்கூழ் ஆலையில் பழம் நறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். மெனு அட்டையில் ஊரின் பெயர் வருகிறது, அவர்களின் கூலி வருவதில்லை.

ஒரு மதுக்கூடத்தை எடைபோட அதன் வயதும் ருசியும் போதாது. அங்கே வேலை முடித்த ஒரு பெண் யாருடைய துணையும் இல்லாமல் உட்கார முடியுமா, அதன் வரலாற்றில் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.