பொதினிச் சாணைக்கல்லும் புலவர் பரிசிலும்

சங்கப் புலவரை இரவலர் என்று சுட்டி, அவர்தம் பரிசிற் பாடல்களை வறுமையின் புலம்பலாகவே கொள்ளும் வழக்கம் இன்றும் முற்றும் ஒழிந்திலது. பழனிமலைச் சார்பில் எழுந்த பாடல்களை ஒருங்கு வைத்துப் பயில்வார்க்கு இக்கொள்கையின் குறைபாடு புலனாகும்.

பொதினி என்பது இன்றைய பழனி. ஆவியர் குடித் தோன்றலாகிய பேகன் அம்மலைநாட்டுத் தலைவன். அவன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியை யாவரும் அறிவர். அதனினும் ஊன்றி நோக்கற்பாலன புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள். பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்த காலத்துக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவள்பொருட்டுப் பாடினர். தாம் பசியாலும் வந்திலர், சுற்றத்தின் சுமையாலும் வந்திலர் என்று கூறும் பரணர், அவன் அன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைதலையே பரிசிலாக வேண்டுகிறார் (145). அரிசில்கிழார் அணிகலனும் பொருளும் வேண்டா என்று விலக்குகிறார். வெறும் இரவலன் ஈவோனை இடித்துரைத்தல் யாங்ஙனம்? தம் பாட்டு ஒரு தொழில் என்றும், அதற்குரிய பரிசிலைத் தாமே வரையறுக்கலாம் என்றும் துணிந்தார்க்கே இது கைகூடும்.

பரணர் பசியிலர், ஆதலின் அவர்க்கு அஃது எளிது எனலாம். அங்ஙனமாயின் பெருஞ்சித்திரனாரைக் காண்க. குமணனைப் பாடிய 159-ஆம் பாட்டில், கண்ணொளி மங்கிய முதிய தாயும், குப்பைக் கீரையின் தளிர் கொய்து உப்பின்றி வேகவைக்கும் மனைவியும் நம் முன் நிற்கின்றனர். இத்துணை வறுமையிலும், மனமுவந்து தாராத யானையினும் உவந்து தரும் குன்றிமணி அளவே தமக்கு ஏற்றது என்கிறார். தம்மைக் காணாமலே அதியமான் விடுத்த பரிசிலையும் அவர் ஏற்றிலர் (208). ‘இரவலர்’ என்னும் சொல்லை அவரே 162-ஆம் பாட்டில் ஆள்கின்றார் என்பது மெய்யே. ஆயின் அதே பாட்டில், தமக்கு ஈயாத இளவெளிமானின் காவல்மரத்தில் தாம் பெற்ற யானையைக் கட்டிவிட்டுப் போகிறார்! அச்சொல்லுக்கு இன்று நாம் ஏற்றும் இழிவு அங்கு இல்லை.

2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் குடும்பம் ஒன்றிற்கு ஆண்டுக்கு 100 நாள் வேலையைக் கேட்டுப் பெறும் உரிமையாக்கியபோது, அதனை இலவசம் என்று இகழ்ந்தாரும் உளர். பரிசிலை இரவு எனக் கொண்டாரும் அவரும் ஒரே பிழையைச் செய்தவராவர்.

எனினும் என் கருத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் பொதினியைச் சொல்லும்போதே, அரக்கொடு சேர்த்துச் சாணைக்கல் அமைக்கும் காரோடனையும் சொல்கிறார். பிரியேன் என்ற தலைவனின் உறுதிக்கு அவன் கைத்திறமே உவமை. பிரியாத பிணைப்பை உணர்த்தப் புலவர் ஒரு தொழிலாளியின் வேலையை நாடியது பெருமைக்குரியதே. ஆயினும் பேகன் அவையில் புலவர் நால்வரும் வாய்திறந்து பேசினர். காரோடன் பேசிய பாட்டு ஒன்றேனும் தொகைநூல்களில் இல்லை. அவன் பெற்ற கூலி எத்துணை, அதனை யார் உவந்து தந்தனர் என்பதை மாமூலனாரும் கூறிற்றிலர்.