வேதநாயகரின் சமயம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதற் புதினத்தை யாத்தவர் என்றே மாணவர்க்கு அறிமுகம் செய்து வருகிறோம். தேர்வுக்கு அது போதும். கத்தோலிக்கராக வாழ்ந்து 1889ஆம் ஆண்டு மறைந்த அப்பெரியாரின் சமயப்பற்று அவர்தம் எழுத்தில் எங்கே புலப்படுகின்றது என்னும் வினாவை மட்டும் நாம் எழுப்புவதில்லை.

'தேவமாதா அந்தாதி' முதலிய பக்தி நூல்களில் என்பது எளிய விடை. அவை மரபு வழுவாதவை, அவ்வளவே. யான் சுட்ட விரும்புவது, கிறித்துவின் பெயரே வாராத வேறோர் இடம்.

1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், தமிழறிந்த நீதிபதியின் முன் தமிழரான கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதாடும் தமிழ் வழக்கறிஞர்களை ஆசிரியர் எள்ளி நகையாடுகின்றார். இதனை மொழிப்பற்று என்று கூறி அமைவோர் பலர். முற்றும் தவறன்று; ஆயினும் குறைபட்ட விளக்கம். அந்நூலுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, 1862இல், சென்னைச் சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டவர் அவர். தான் ஏன் தோற்றோம் என்பதையும் அறியமாட்டாது வீடு திரும்பும் எளியவனுக்கு அத்தீர்ப்புகள் அவன் மொழியில் வேண்டும் அன்றோ? அயலானை நேசித்தல் என்று வேதம் ஓதுவதை, முன்சீப் பதவியிலிருந்த ஒருவர் தம் தொழிலுக்குள்ளேயே செய்து காட்டிய வகை இது. இலக்கிய வரலாறுகள் இந்நூலை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1859இல் வெளிவந்த 'நீதிநூல்' இத்தகைய சிறப்புடையதன்று. பல செய்யுட்கள் வெறும் அறிவுரை. புதினத்திலும் உபதேசம் குறுக்கிட்டுக் கதை நின்றுவிடும் இடங்கள் உள. வகுப்பில் அப்பகுதிகளைப் படிக்குங்கால் மாணவர் கண்கள் சன்னலை நாடுவதை ஆசிரியர் அறிவர். ஆயினும் அந்நூலில் 'போதகரியல்பு' என்றோர் அதிகாரம் வைத்து, ஒழுகாது ஓதுவோரை அவர் இடித்துரைத்துள்ளார். 'கைக்கூலி' என்னும் அதிகாரமோ, கைக்கூலி வாயில்தேடி வரும் பதவியில் இருந்தவர் பாடியது. ஆங்கே சொல்லுக்கு எடை கூடுகின்றது.

1876 முதல் 1878 வரை நிலவிய தாதுப் பஞ்சத்தின்போது, தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் கஞ்சித்தொட்டிகள் வைத்தார். அக்கொடையைப் போற்றிக் கீர்த்தனை பாடியவர் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' தந்த கோபாலகிருஷ்ண பாரதியார். சைவப் புலவர் ஒருவர் கத்தோலிக்கரைப் பாடினார்; பாடச் செய்தது எந்த அந்தாதியும் அன்று.

அதே 1878இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளிவந்தது. பஞ்சம் தீர வேண்டிப் பாடிய பாடல்களும் அவர் கீர்த்தனைகளுள் உண்டு. இசையரங்கில் அவற்றை இராகத்துக்காகக் கேட்கின்றனர். வகுப்பில், கஞ்சித்தொட்டியின் செய்தியை முதலிற் கூறிவிட்டு, பின்னர்ப் பாடலை வாசிக்கச் செய்யலாம்.